பின்னால் இடி வாங்கிய பழைய கார்: அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பழைய காரின் பின்புறத்தில் யாராவது இடித்துவிட்டால், சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் நசுங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது எங்கும் ஓடிவிடாது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இடித்த விசை எந்த வழியாக உள்ளே போனது, எங்கே போய் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பம்பரில் விழுந்த அடி பம்பர் தாங்கிகள் வழியாக டிக்கித் தரைக்கு அடியில் ஓடும் நீளச் சட்டங்களுக்குப் போகும். அங்கிருந்து பின்சக்கர வளைவுக்கும், அதற்கு மேல் பின்கண்ணாடியை ஒட்டிய தூணுக்கும் ஏறும். சில கார்களில் கதவு வரைக்கும் வந்துவிடும்.

உங்கள் காரின் அமைப்பு எது என்பதைப் பொறுத்து இந்தப் பாதை மாறும். தனிச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் உடல் உட்கார்ந்திருக்கும் காரில் சேசிஸ் நேராகவே இருந்து, உடல் மட்டும் அதன் மேல் நகர்ந்திருக்கலாம். உடற்கூடே சுமையைத் தாங்கும் அமைப்பு 1922-இல் லான்சியா லாம்ப்டாவிலும் 1934-இல் சிட்ரோயன் டிராக்‌ஷன் அவாண்டிலும் வந்து, பிறகு பரவலானது. அப்படிப்பட்ட காரில் பின்னால் விழுந்த அடி எல்லாத் தகட்டுக்கும் பங்கு பிரிந்து போகும். இன்னொரு பக்கம், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மாதிரியான காரில் பின் மட்கார்டு போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டிவிடலாம். அதற்குப் பின்னால் இருக்கும் தகடு தப்பித்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கை வைக்கும் முன்

பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேங்க் பெரும்பாலான பழைய கார்களில் டிக்கித் தரைக்கு அடியிலோ பின்சீட்டுக்குப் பின்னாலோதான் இருக்கும். வெல்டிங்கோ கிரைண்டரோ எடுப்பதாக இருந்தால் டேங்கைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஈரத் துணியைப் போட்டு மூடிவிட்டு வேலை செய்யலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். காலியான டேங்க்தான் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதற்குள் ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கத் தயாராக இருக்கும்.

பிரேக் துடைக்க விற்கும் திரவங்களில் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் உண்டு. அதைத் தகட்டில் தெளித்துவிட்டு மேலே வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து, குளோரின் இல்லாததை மட்டும் வாங்குங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள்.

அடுத்து ஒரு காந்தம். மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு பின்புறம் முழுவதும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் இரும்புத் தகடு. மந்தமாகப் பிடித்தால் மேலே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, தடிமனாக இருக்கிறது. எங்குமே பிடிக்கவில்லை என்றால் உடல் அலுமினியமாகவோ, 1953-இல் வந்த கார்வெட்டைப் போலக் கண்ணாடி இழையாகவோ இருக்கும். அதற்கு இங்கே சொல்லும் சுத்தியல் வேலைகளில் பாதி பொருந்தாது. காந்தம் பிடிக்காத இடத்தில் ஒரு முனையைச் சுரண்டினால் கனமாக, மென்மையாக, வெள்ளிபோல் பளபளக்கும் பொருள் தெரிகிறதா? அது பட்டி இல்லை, ஈயம். அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே கூரையும் குவாட்டர் பேனலும் (பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) சேரும் இணைப்பை ஈயம் ஊற்றி மூடினார்கள். அது திருட்டு வேலை இல்லை, நல்ல வேலை. நிற்கிற ஈயத்தை விட்டுவிடுங்கள். கிரைண்டர் வைத்துத் தேய்த்து அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள். தேவைப்பட்டால் கை அரத்தால் மட்டும் இழையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு அறிகுறிக்கு வருவோம்.

டிக்கி மூடி ஒரு பக்கம் இடிக்கிறது, அல்லது பூட்ட மறுக்கிறது

நேராகக் கீலில் ஸ்பானர் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் பூட்டின் கீழ்நாக்கையும் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் கழற்றிவிட்டு, மூடியைச் சும்மா இறக்கிப் பாருங்கள். இப்போது சுற்றிலும் இடைவெளி சமமாக வந்துவிட்டால், பழுது உடலில் இல்லை. கீழ்நாக்கு நகர்ந்திருக்கிறது, அல்லது யாரோ மாட்டிய புது ரப்பர் தேவைக்கு மேல் தடிமனாக இருக்கிறது. புது ரப்பரால் மூடி மேலே தூக்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, இடிபட்ட வண்டி என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடைவெளி இன்னும் கோணலாகவே இருந்தால் டிக்கித் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலை; பிறகு மாறி. இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திறப்பே சாய்சதுரமாகிவிட்டது. மூலைவிட்டங்கள் சரியாக இருந்து மூடி மட்டும் ஒத்துவரவில்லை என்றால் மூடி முறுக்கிக்கொண்டிருக்கிறது. மூடியின் ஒரு பாதிக்கு அட்டையில் வடிவம் வெட்டி, அதைத் திருப்பி மறுபாதியில் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் கெட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் ஒன்று: இந்தக் கார்கள் புதிதாக வந்தபோதே இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருந்ததில்லை. ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாய்ந்த திறப்பை நிமிர்த்த, குட்டையான மூலைவிட்டத்தின் இரு முனைக்கும் நடுவே ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தள்ள வேண்டும். ஜாக்கியின் முனை தகட்டில் நேராகப் படாதபடி மரக்கட்டை கொடுங்கள். தள்ளிக்கொண்டிருக்கும்போதே, விசை தாங்கி நிற்கும் நிலையில், மடிப்பு விழுந்த இடங்களைச் சுற்றிச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். தட்டாமல் வெறுமனே தள்ளினால், ஜாக்கியை இறக்கியதும் தகடு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். தட்டினாலும் கொஞ்சம் திரும்பும். அதனால் அளவைத் தாண்டிச் சிறிது கூடுதலாகத் தள்ளி, இறக்கி, அளந்து, மறுபடி தள்ளுங்கள். அரைநாள் வேலை இது. கீலை வளைத்து அதை ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம் என்று சொல்பவர் சரிசெய்யவில்லை, மறைக்கிறார்.

பின்கதவின் இடைவெளி மாறியிருக்கிறது

பின்புற இடியில் இதைத்தான் நான் முதலில் தேடுவேன். கதவின் பின்விளிம்புக்கும் குவாட்டர் பேனலுக்கும் உள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் காரின் வால் கீழே தொங்கிவிட்டது. மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால் வால் மேலே எகிறியிருக்கிறது. மேலும் கீழும் ஒரே அளவில் ஒடுங்கியிருந்தால் முழுப் பின்பாகமும் முன்னால் தள்ளப்பட்டிருக்கிறது. பின்தூண் கூரையோடு சேரும் இடத்தில் பெயிண்ட் சுருக்கம் விழுந்தோ மயிரிழை போல வெடித்தோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், விசை அங்கே வரை வந்திருக்கிறது. பக்கவாட்டில் விளக்கைத் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தால் இந்தச் சுருக்கம் தெளிவாகத் தெரியும்.

இந்த முடிவுக்கு வருவதற்குள் இரண்டு பொய்க்காரணங்களை விலக்க வேண்டும். கதவைத் திறந்து, பின்விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆடினால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது; அதை முதலில் மாற்றிவிட்டு மறுபடி இடைவெளியைப் பாருங்கள். இரண்டாவது, காரின் பின்பகுதியை ஜாக்கியில் மெதுவாகத் தூக்கிக்கொண்டே கதவின் இடைவெளியைக் கவனியுங்கள். தூக்கத் தூக்க இடைவெளி மாறினால், கதவுக்குக் கீழே ஓடும் படிச்சட்டம் உள்ளே துருப்பிடித்து வலுவிழந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். துருத்தின்ற படிச்சட்டத்தை வைத்துக்கொண்டு வாலைச் சங்கிலி போட்டு இழுத்தால், நிமிர வேண்டியது நிமிராது, கிழியக்கூடாதது கிழியும். படிச்சட்டத்தை முதலில் கட்டி முடிக்க வேண்டும். அப்போதும் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து வைத்துவிட்டுத்தான் எதையும் வெட்ட வேண்டும்.

படிச்சட்டம் உறுதியாக இருந்தால் அளவெடுப்பு. சமதளத் தரையில் காரை ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி, அடியிலுள்ள இணையான புள்ளிகளிலிருந்து, அதாவது ஸ்பிரிங் தாங்கியின் போல்ட், நீளச் சட்டத்தின் துளை, பம்பர் தாங்கியின் துளை ஆகியவற்றிலிருந்து, தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். காரை நகர்த்திவிட்டு அந்தக் குறிகளைக் குறுக்காக அளந்தால், சட்டம் இடம் போயிருக்கிறதா வலம் போயிருக்கிறதா என்பதைத் தரையே சொல்லிவிடும். மேலும் கீழும் வளைந்ததைப் பார்க்க, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் தரையிலிருந்து எடுங்கள். நீளச் சட்டம் பின்அச்சுக்கு மேலே ஏறி இறங்கும் வளைவில்தான் பெரும்பாலும் மடங்கும். அங்கே அடிப்பக்கத்தில் பெயிண்டும் தார்ப்பூச்சும் உதிர்ந்திருக்கும்.

இழுப்பதில் ஒரு விதி உண்டு. கடைசியாக மடங்கியதை முதலில் விரிக்க வேண்டும், முதலில் நசுங்கியதைக் கடைசியில் தொட வேண்டும். அடி பட்ட இடத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள பாதிப்புதான் கடைசியில் நிகழ்ந்தது. தூணும் சட்டமும் தங்கள் அளவுக்கு வந்த பிறகே பின்தகட்டுக்கு வர வேண்டும். ஒரு முறை எனக்குப் பொறுமை போய், பின்தகட்டை முதலில் தட்டிக் கண்ணாடிபோல் எடுத்துவிட்டேன். மறுநாள் சட்டத்தை இழுத்தபோது அந்தக் கண்ணாடி அப்பளமாக நொறுங்கியது. இரண்டு நாள் வேலை வீண்.

சங்கிலி இழுபட்டு நிற்கும்போது அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கொக்கி விட்டால் அது எங்கே போகும் என்பதைக் கொக்கிதான் முடிவு செய்யும். சங்கிலி மேல் கனமான போர்வையைப் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

கார் நேராக ஓடுகிறது, ஆனால் வால் ஒதுங்கிப் போகிறது

ஈரத் தரையில் ஓட்டிவிட்டுத் தடத்தைப் பாருங்கள். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தோடு சமமாக விழாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், பின்அச்சு இடம் மாறியிருக்கிறது. இரண்டு பக்கமும் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்ததும் அலறாதீர்கள்: ரெனோ 4, ரெனோ 16 ஆகிய கார்களில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் பின்பக்க முறுக்குக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கிடப்பதால், இடமும் வலமும் தொழிற்சாலையிலேயே வேறு வேறு அளவுதான்.

லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய வில்) காராக இருந்தால் முதலில் ஸ்பிரிங்கின் நடு போல்ட்டைப் பாருங்கள். அதன் தலைதான் அச்சை இடத்தில் நிறுத்துகிறது. இடியில் அது அறுந்திருந்தால் அச்சு ஸ்பிரிங்கின் மேல் சறுக்கியிருக்கும். சட்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போல்ட்டை மாற்றி, யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போட்டு முறுக்கினால் வேலை முடிந்தது. நடு போல்ட் நன்றாக இருந்து, ஸ்பிரிங் தாங்கி நகர்ந்திருந்தால் மேலே சொன்ன தூக்குக்குண்டுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

தட்டத் தட்டச் சொட்டை எழும்ப மறுக்கிறது

உள்பக்கத்திலிருந்து நடுப்பள்ளத்தில் ஓங்கி அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பள்ளத்தைப் பிடித்து வைத்திருப்பது அதைச் சுற்றி எழும்பி நிற்கும் மேடுதான். வெளியே தகடு வளைந்து மேடாகி, விளிம்பில் ஒரு மடிப்பாக இறுகியிருக்கும். மடங்கிய இடத்தில் இரும்பு இறுகிக் கடினமாகிவிடும். ஒரு கம்பியை அங்கும் இங்கும் வளைத்தால் வளைந்த இடம் முரண்டு பிடிப்பதுபோல. அந்த மேடு இறங்காமல் பள்ளம் எழும்பாது.

எனவே டாலியை (தகட்டுக்கு அடியில் கொடுக்கும் கையடக்க இரும்புக் கட்டி) உள்பக்கம் பள்ளத்துக்கு அடியில் வைத்து மேலே அழுத்திக்கொள்ளுங்கள். வெளியே, பள்ளத்தில் தட்டாமல், பக்கத்து மேட்டின் மேல் சுத்தியலால் தட்டுங்கள். மேடு இறங்க, டாலியின் அழுத்தத்தில் பள்ளம் தானாக எழும்பும். ஓரத்திலிருந்து, அதாவது பாதிப்பு குறைவான இடத்திலிருந்து, உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் சந்திக்கும்படி தட்டுவது கடைசி மெருகுக்கு மட்டும். அப்படித் தட்டும் ஒவ்வொரு அடியும் நடுவில் சிக்கிய தகட்டைக் கொஞ்சம் நீட்டுகிறது.

கூர்மையான மடிப்பு எதற்கும் அசையவில்லை என்றால், அந்தக் கோட்டை மட்டும் கேஸ் சுடரால் மங்கிய செந்நிறம் வரும் வரை சூடாக்கி, தானாக ஆறவிடுங்கள். இரும்பு மறுபடி மென்மையாகிவிடும். அலுமினியத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அது சிவக்காமலே 660 டிகிரி செல்சியஸில் உருகி ஓடிவிடும். அதன் மேல் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடு காட்டுங்கள். சோப்புக் கறுத்ததும் சுடரை எடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு சமமாகியிருக்கிறது என்பதற்குக் கண்ணை நம்பாதீர்கள். மெல்லிய துணியை உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து, காரின் நீளவாக்கில் முழுக் கையால் தடவுங்கள். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

விரல் வைத்தால் தகடு டப்பென்று உள்ளே போய் வெளியே வருகிறது

டிக்கி மூடியின் நடுவிலும், குவாட்டர் பேனலின் தட்டையான பகுதியிலும் வரும் தொல்லை இது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் காரணம் இரண்டு, மருந்தும் நேரெதிர். பக்கத்தில் வெல்டிங் கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெல்டிங் கோடு பக்கத்தில் இல்லை என்றால் தகடு நீண்டுவிட்டது, அதாவது இருக்கும் இடத்துக்கு மேல் தகடு அதிகம். அதைச் சுருக்க வேண்டும். உப்பிய இடத்தின் உச்சியில் சிறு நாணயத்தைவிடப் பெரிதாகாத ஒரு புள்ளியைச் சுடரால் சிவக்கச் செய்யுங்கள். அது மொட்டுபோல் எழும்பும். டாலியை அடியில் கொடுத்து, மொட்டைச் சுற்றித் தட்டிவிட்டு மொட்டையும் தட்டி அமுக்குங்கள். சிவப்பு மறைந்ததும் ஈரத் துணியால் ஒற்றுங்கள். சூட்டில் விரிய முயன்ற இடம் சுற்றியுள்ள குளிர்ந்த தகட்டால் தடுக்கப்பட்டுத் தடித்துவிட்டது. ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சிறிதாகிறது. ஒரு புள்ளி முழுவதும் ஆறிய பிறகே அடுத்த புள்ளி. ஆத்திரத்தில் பத்துப் புள்ளி வைத்தால் தகடு முறுக்கிக்கொண்டு வேறொரு புதிய அறிகுறியைக் காட்டும்.

வெல்டிங் கோடு பக்கத்தில் இருந்தால் தகடு நீளவில்லை. கோடுதான் சுருங்கித் தகட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது. இங்கே சுடர் வைத்தால் நோய் முற்றும். கோட்டின் மேல் டாலியும் சுத்தியலும் நேருக்கு நேர் சந்திக்கும்படி தட்டிக் கோட்டை நீட்ட வேண்டும். கோடு தளரத் தளர, டப்பென்ற சத்தம் நின்றுவிடும்.

புதுத் துண்டு வைத்த பின் கோடு பள்ளமாக ஓடுகிறது

மேலே சொன்னதன் மறுமுகம். வராமல் தடுப்பதுதான் எளிது. பழைய கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ. தடிமன். அதற்கு மிக் வெல்டிங் (கம்பி தானாக ஓடிவரும் வெல்டிங்) என்றால் 0.6 மி.மீ. கம்பி போதும். துண்டைத் தட்டையான பகுதியின் நடுவில் சேர்க்காமல், ஒரு வளைவையோ உடற்கோட்டையோ ஒட்டிச் சேருங்கள். வளைந்த தகடு சூட்டைத் தாங்கி நிற்கும். ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி வைக்காமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து, நடுவில் தகட்டின் தடிமன் அளவுக்குச் சந்து விடுங்கள். ஏற்றி வைத்த இணைப்பின் நடுவே தண்ணீர் புகுந்து தங்கும்; ஐந்தாறு வருடத்தில் கோடு துருவாக வெளியே வரும்.

ஒரு முனையில் ஒரு புள்ளி, மறுமுனையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாறி மாறி வைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே அதன் பக்கத்தில் அடுத்தது. ஆனந்தமாக ஒரே இழுப்பில் 10 செ.மீ. ஓட்டினால் அந்த ஆனந்தம் ஆறுவதற்குள் தகடு அலையடித்துவிடும். டிக் வெல்டிங்கின் (டங்ஸ்டன் முனையால் செய்வது) கோடு மென்மையாக இருப்பதால் பிறகு தட்டிச் சமமாக்க வசதி. மிக் கோடு கடினமானது. புடைப்பை இழைத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும்.

பள்ளம் இன்னும் மிச்சமிருந்தால் ஈயம் ஊற்றலாம். 30 பங்கு வெள்ளீயமும் 70 பங்கு காரீயமும் கலந்த கட்டி, சுமார் 183 டிகிரி முதல் 255 டிகிரி செல்சியஸ் வரை வெண்ணெய்போல் குழைந்து நிற்கும். அந்த நேரத்தில் எண்ணெய் தடவிய மரத் துடுப்பால் பூச வேண்டும். ஈயம் ஒட்டுவதற்காக முதலில் தடவிய அமிலத்தைச் சமையல் சோடா கலந்த நீரால் கழுவித் தீர்க்காவிட்டால், மேலே எந்தப் பெயிண்டும் நிற்காது. பிறகு வெல்டிங் செய்யப்போகிற இடத்தில் ஈயம் இருந்தால் அதை முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

பட்டி விரிசல் விடுகிறது, குமிழ் விடுகிறது, கறை தெரிகிறது

சில மாதம் கழித்துச் சிறு சிறு குமிழ்கள், அதுவும் முன்பு துரு இருந்த அதே இடத்தில் வந்தால், துரு பின்பக்கத்திலிருந்து வருகிறது. சக்கர வளைவின் விளிம்பு இரட்டைத் தகடு. அதன் நடுவே இருந்த துருவை விட்டுவிட்டு மேலே பட்டி பூசியது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பட்டியில் நேர்க்கோடாக விரிசல் விட்டால் ஒன்று தடிமன் அதிகம், இல்லாவிட்டால் அடியில் தகடு இன்னும் ஆடுகிறது. மெருகிட்ட பிறகு 3 மி.மீ.க்கு மேல் பட்டி நிற்கும் இடம் எதுவானாலும், அங்கே சுத்தியல் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். பட்டி தகட்டோடு ஒட்டாமல் செதிலாக வந்தால், அமிலம் கலந்த பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் பூசும் அடிப்பூச்சு) மேல் பூசியிருப்பார்கள். அந்த அமிலம் பட்டியின் அடிப்பகுதியை இறுகவிடாது. சுத்தமான வெறும் இரும்பின் மேலோ எபாக்சி பிரைமர் மேலோ பூசுங்கள்.

பெயிண்டில் மஞ்சள் கறை மேலே வருகிறதா? பட்டியில் கடினமாக்கியை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். எடையில் 2 சதவீதம் அளவுதான் வழக்கம். டப்பாவில் உள்ளது அதற்கும் மேலான கட்டளை. இன்னொன்று, பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொப்புளமாகத் திருப்பித் தரும். உப்புத்தாளை உலர்வாகவே ஓட்டுங்கள்.

இரு பொருள் கலந்து அடிக்கும் பெயிண்டுகள் பெரும்பாலானவற்றில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் உண்டு. துணி முகமூடியும் சாதாரண வடிகட்டி முகமூடியும் அதற்குப் போதாது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாதவர் அடிக்கும் வேலையை வெளியே கொடுத்துவிடட்டும்.

டிக்கிக்குள் தண்ணீர்

ரப்பர் மேல் சாக்பீஸ் தூள் தடவி, மூடி, திறந்து பாருங்கள். மூடியின் விளிம்பில் தூள் ஒட்டாத இடம் ரப்பர் தொடாத இடம். சுற்றிலும் ஒட்டியிருந்தால் குற்றவாளி வேறு. பூட்டின் நாக்கைக் கழற்றிவிட்டு ஒருவரை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, வெளியே ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்றிக்கொண்டு போங்கள். மேலிருந்து தொடங்கினால் ஒழுகும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. பின்விளக்கின் ரப்பர், பம்பர் போல்ட்டின் துளை, புதிதாக வெல்டிங் செய்து சந்தை அடைக்கும் பசை பூச மறந்த இணைப்பு, பின்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலை: இந்த வரிசையில் பிடிபடும். பின்கண்ணாடியில் புகுந்த தண்ணீர் உள்ளுக்குள்ளேயே ஓடி டிக்கியில் வந்து தேங்கும். பழி டிக்கி ரப்பர் மேல் விழும். மழையில் ஓட்டும்போது மட்டும் நனைந்தால், டயர் தெளிக்கும் தண்ணீர் சக்கர வளைவின் இணைப்பு வழியாக வருகிறது.

பெட்ரோல் நாற்றம், புகை நாற்றம்

டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் பெட்ரோல் நாற்றம் என்றால் நிரப்பும் குழாய், அதன் ரப்பர் இணைப்பு, ஆவி போகும் சிறு குழாய் ஆகிய மேல்பகுதிகள். எப்போதும் நாற்றம் என்றால் டேங்கின் இணைப்பு மடிப்போ கீழே போகும் குழாயோ. மடிந்த டேங்கை வீட்டில் வெல்டிங் செய்ய நினைக்காதீர்கள், அவ்வளவுதான்.

புகை நாற்றம் இன்னும் மோசமானது. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. சைலன்சர் புகை அங்கே சுழன்று, சரியாக மூடாத டிக்கிச் சந்தின் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, பின்சீட்டைத் தாண்டி உங்களிடம் வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலி வரும்வரை காத்திருக்காமல், சந்தை அடைக்கும்வரை அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது

ஒயரிங் முழுவதையும் பிரிக்க வேண்டாம். பழைய கார்களில் பின்விளக்கின் எர்த் பெரும்பாலும் விளக்குக் கூடு தகட்டைத் தொடும் இடத்தின் வழியாகத்தான் போகும். புதுப் பெயிண்டும் பட்டியும் அந்தத் தொடுதலை மறைத்துவிட்டன. மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பிப் போக வழி தேடுகிறது. கூட்டிலிருந்து சுத்தமான இரும்புக்கு ஒரு ஒயரைப் பிடித்துப் பாருங்கள். விளக்குகள் சரியாக எரிந்தால், ஒரு திருகின் அடியில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, பூட்டியபின் கிரீஸ் தடவிவிடுங்கள்.

பம்பர் கோணலாக நிற்கிறது, அல்லது போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரமாக வெடிக்கிறது

வளைந்த பம்பர் தாங்கியை அப்படியே விட்டுவிட்டு, போல்ட்டை முறுக்கிப் பம்பரை இடத்துக்கு இழுத்ததன் விளைவு. கனமான குரோம் பம்பர் வில்லைப்போல இழுபட்டு நிற்கிறது. பலியாவது மெல்லிய பின்தகடும் அதன் மேல் உள்ள புதுப் பெயிண்டும். தாங்கிகளைக் கழற்றி ஒன்றோடொன்று முதுகுக்கு முதுகு வைத்து ஒப்பிட்டு, சரியான அளவுக்கு வளைத்த பிறகே பூட்டுங்கள். எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, பம்பரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு இருபுறமும் சந்தைச் சமன்செய்து, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்கிக்கொண்டு போங்கள். எந்தப் போல்ட்டும் பம்பரை இழுக்கக் கூடாது. இழுக்க வேண்டியிருந்தால் அங்கே வாஷர் போடுங்கள். மரையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். 30 வருடம் கழித்து அதைக் கழற்றப்போகும் ஆள் உங்களைத் திட்டாமல் இருப்பார்.